முதலில் மாற்ற வேண்டிய விளக்கு



கல்லூரி வளாகங்களில் பழைய விளக்குகளை அகற்றி எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தும் பணி பரவி வருகிறது. இத்தகைய பணிகளுக்கு நன்கொடை நல்குவோர் நம்மவருள் பலர். அந்நன்கொடை முதலில் எவ்விடம் சென்றடைய வேண்டும் என்பது குறித்துச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

பழைய 40 வாட் குழல்விளக்கு, தன் சோக்குடன் சேர்ந்து 50 வாட்டுக்குக் குறையாமல் மின்சாரம் கொள்ளும். அதனிடத்தில் 20 வாட் எல்.இ.டி. குழல் போதுமான ஒளி தரும். மிச்சம் 30 வாட். ஆனால், விளக்கு எரியும் நேரத்தில்தான் இம்மிச்சம் கிட்டும்.

வகுப்பறை விளக்கொன்று நாள்தோறும் 4 மணி நேரம், ஆண்டில் 200 நாள் எரிவதாகக் கொள்வோம். அதை மாற்றினால் ஆண்டுக்கு 24 யூனிட் மிஞ்சும். விடுதி நடைக்கூடத்தில் இரவு 12 மணி நேரம், 365 நாளும் எரியும் விளக்கை மாற்றினாலோ 131 யூனிட் மிஞ்சும். விளக்கின் விலை ஒன்றே. பயன் ஐந்து மடங்குக்கும் மேல்.

ஆயினும், பல இடங்களில் முதல்வர் அறையும் விழா அரங்கமுமே முதலில் புது விளக்குப் பெறுகின்றன. நன்கொடையாளர் பெயர்ப்பலகையும் அங்கேயே அமைகிறது. விடுதியும் மாடிப்படியும் காத்திருக்கின்றன.

நடைக்கூட விளக்குகள் நூறு மாற்றினால் ஆண்டுக்கு 13,000 யூனிட்டுக்கு மேல் மிஞ்சும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. ஆகவே, ஆண்டுதோறும் சுமார் 9 டன் வாயு காற்றில் கலவாது. மின்கட்டணத்தில் மிஞ்சும் தொகையை, விடுதிக் கட்டணம் செலுத்த இயலாத மாணவர்க்கு ஒதுக்கலாம்.

மேலும் இரண்டு செய்திகளைக் கருத்திற்கொள்ள வேண்டும். பழைய குழல்விளக்குகளில் பாதரசம் உண்டு. அவற்றை உடைத்துக் குப்பையில் எறியாது, மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும். வெளிப்புற விளக்குகளுக்கு இளமஞ்சள் ஒளியைத் தேர்ந்தால், வெண்ணிற ஒளியை நாடி வந்து மடியும் பூச்சிகளின் எண்ணிக்கையும் குறையும்.

மாணவச் செல்வங்களே, எந்த விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று ஒரு வாரம் குறித்து, அப்பட்டியலை நிர்வாகத்தாரிடம் அளியுங்கள். நன்கொடை நல்கும் பெரியோர்களே, பணம் கொடுக்குமுன் அப்பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். உங்கள் பெயர் விடுதி மாடிப்படியில் பொறிக்கப்பட்டாலும் அதனைப் பெருமையாகவே ஏற்க வேண்டுகிறேன்.