பொத்துவில் மணலில் பதினெட்டுக் குழிகள்



இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவில் பக்கத்து அறுகம்பே என்றால் உலகம் கடலைத்தான் பார்க்கிறது. மே மாதம் பிறந்தால் அங்கே உல்லை ஊர்த் தெருவெல்லாம் அலைச் சறுக்குப் பலகைகள். நான் இன்று அந்தக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கரைக்குப் பின்னால் கிடக்கிற மணலைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும், அந்த மணலில் இல்லாத ஒரு கோல்ஃப் திடலைப் பற்றி.

கணினியில் கோல்ஃப் ஆடுகிறவர்களில் ஒரு சாரார் ஆடுவதைவிடத் திடல் அமைப்பதிலேயே ஊறிக் கிடக்கிறார்கள். கனடாவின் ஹெச்.பி. ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்ட 'த கோல்ஃப் கிளப்', அதன் வழிவந்த 'பி.ஜி.ஏ. டூர் 2கே' வரிசை ஆகியவற்றில் அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. சிலர் உலகப் புகழ்பெற்ற திடல்களை அச்சொட்டாகப் பிரதி செய்கிறார்கள். அதற்குப் பொறுமை இருந்தால் போதும். வேறு சிலர் எங்கோ ஓர் உண்மையான நிலத்தின் உயர அளவுகளை எடுத்து, அதன்மேல் எவரும் கட்டாத திடலொன்றை விரிக்கிறார்கள். எனக்கு மதிப்பு இவர்கள்மேல்தான். நிலத்தைப் பார்த்து 'இந்த இடத்தில் பந்து எப்படி உருளும்' என்று கேட்கிற கண் இதற்கு வேண்டும்.

கோல்ஃப் பிறந்ததே மணலில்தான். ஸ்கொட்லாந்தில் கடலுக்கும் உழுநிலத்துக்கும் நடுவே, ஏருக்கும் உதவாமல் ஆடு மேயக் கிடந்த மணல்வெளியில் அது வளர்ந்தது. மேடும் பள்ளமும் காற்று செய்து வைத்தவை. நம் பொத்துவில் முனைப் பக்கம் போய்ப் பாருங்கள்: அடம்பன் கொடி படர்ந்த மேடு, இராவணன் மீசை பிடித்து வைத்திருக்கும் சரிவு, அதற்கு அப்பால் களப்பு, அதற்கும் அப்பால் வயல் வட்டை. ஸ்கொட்லாந்துக்காரன் கண்டால் உடனே கோலைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவான்.

சரி, இந்த நிலத்தின் உயரம் நமக்கு எங்கிருந்து கிடைக்கும்? 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் ரேடாரைச் சுமந்துகொண்டு பதினொரு நாள் பூமியைச் சுற்றியது. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 வீதத்தை அளந்தது. அந்தத் தரவு இன்று இலவசம். பொத்துவிலும் அதற்குள் இருக்கிறது. முப்பது மீட்டருக்கு ஓர் எண் என்ற கணக்கில் கட்டம் கட்டமாக வரும்.

இங்கேதான் கலை தொடங்குகிறது, ஏனென்றால் அந்த எண்களை அப்படியே நம்ப முடியாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்த தரவு ஒரு மீட்டருக்கு ஒன்றாகக் கிடைக்கிறது. அங்கே வடிவமைப்பவருக்கு ஒவ்வொரு குண்டும் குழியும் தெரியும். நமக்கோ முப்பதுக்கு முப்பது, அதாவது 900 சதுர மீட்டருக்கு ஒரே எண். கோல்ஃபில் குழி இருக்கிற புல்தரை, கிரீன் என்பார்களே, அதன் பரப்பு பொதுவாக ஐந்நூறு அறுநூறு சதுர மீட்டர்தான். ஒரு முழுக் கிரீனும் ஒரே எண்ணுக்குள் அடங்கிப் போகிறது! பந்து இடப்பக்கம் சரியுமா வலப்பக்கம் சரியுமா என்பதை அந்த எண் சொல்லாது.

இன்னொரு சிக்கல், உயரங்கள் முழு மீட்டரில் பதிவாகியிருக்கின்றன. நுவரெலியா மலையில் அது பெரிய விஷயமில்லை. நம் கரையோரமோ தட்டை. இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் என்று போகிற நிலத்தை அப்படியே விளையாட்டுக்குள் ஏற்றினால் சரிவு வராது, படிக்கட்டு வரும். அதை மழுப்பி இழைக்க வேண்டும். கூட மழுப்பினால் மணல்மேடே காணாமல் போகும்.

மூன்றாவது, தென்னந்தோப்பு. ரேடார் அலை தோப்பைத் துளைத்துத் தரையைத் தொடவில்லை. ஓலைக்கும் மண்ணுக்கும் நடுவில் எங்கோ பட்டுத் திரும்பியிருக்கிறது. அதனால் தரவில் தோப்பும் ஒரு மேடுதான். ஊரை அறியாதவர் அந்தப் பொய் மேட்டின் உச்சியில் டீயை, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தை, வைத்து, 'ஆஹா, என்ன காட்சி' என்று பந்தை அடிப்பார். அவர் நிற்பது தென்னை மரத்தில்! போதாததற்கு, அளந்தது 2000இல்; 2004 டிசம்பர் 26இல் சுனாமியாய்க் கடல் வந்து போனது அதற்குத் தெரியாது. களப்பின் முகத்துவாரமும் தரவில் ஒரே நிலையில் உறைந்து நிற்கிறது. நமக்குத் தெரியும், அது மழைக்கு வாய் திறக்கும், கோடைக்கு மண் மூடும்.

ஆக, தரவு பாதி, ஆளின் அறிவு பாதி. ஒரு திடலை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, செய்தவர் நிலத்தை எவ்வளவு தோண்டியிருக்கிறார் என்பதை. உண்மை நிலத்தை எடுத்துவிட்டு அதன் உயரத்தை இரண்டு மடங்காக இழுத்து, ஏரி வெட்டி, அருவி விட்டிருந்தால் அதற்கு எதற்குப் பொத்துவில்? வெறும் பலகையில் தொடங்கியிருக்கலாமே. நல்லவர் முதல் சில நாள் ஒன்றும் வரையமாட்டார். எந்தப் பள்ளம் தானாகவே ஃபேர்வேயாக, டீக்கும் கிரீனுக்கும் நடுவிலான புல்வழியாக, கிடக்கிறது, எந்தத் திட்டு கிரீனுக்கென்றே உட்கார்ந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார். பதினெட்டுக் குழிகளையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நடக்கும்படி கோப்பதில்தான் அவரின் கெட்டித்தனம் தெரியும்.

காற்று தரவில் இல்லவே இல்லை. நம்மவர் யாராவது இந்தத் திடலைச் செய்தால் கச்சானைக் கொண்டுவரட்டும். கச்சான் அடிக்கிற மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்கு ஓடும். கடலை நோக்கி அடித்த பந்து நிற்க மாட்டாது. வாடைக்கு அதே குழி வேறொரு குழி.

இதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1914இல் 'கன்ட்ரி லைஃப்' என்ற ஆங்கில இதழ் கற்பனைக் குழியொன்றை வரையச் சொல்லிப் போட்டி வைத்தது. வென்றவர் அலிஸ்டர் மெக்கன்சி என்ற மருத்துவர். பின்னாளில் ஒகஸ்டா திடலை வடிவமைத்தவர்களில் ஒருவர். அவருடைய கற்பனையை நியூயோர்க் அருகே சதுப்பில் மணல் நிரப்பிக் கட்டிய லிடோ திடலில் உண்மையாக்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லிடோ அழிந்தது. பல்லாண்டு கழித்து சிக்காகோக்காரர் ஒருவர் பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து அதைக் கணினி கோல்ஃப் விளையாட்டுக்குள் மீட்டெடுத்தார். அந்த அளவுகளைக் கொண்டே புல்டோசர்களை ஜி.பி.எஸ். மூலம் ஓட்டி, டொம் டோக் என்ற வடிவமைப்பாளர் விஸ்கொன்சினில் லிடோவை மறுபடி எழுப்பினார். 2023இல் திறந்தார்கள்.

விளையாட்டிலிருந்து புல்டோசருக்கு வழி இருக்கிறது என்று தெரிந்தபின் எனக்கு ஒரு தயக்கமும் வருகிறது. உயரத் தரவில் வேலி கிடையாது. இது யாருடைய வயல், இது மையவாடி, இது கரைவலை வாடி, இந்த இடத்தில்தான் வள்ளம் ஏற்றுவார்கள் என்று எந்த எண்ணும் சொல்லாது. காணிக்காக வழக்கும் போராட்டமும் கண்ட கரை இது. திரையில்கூட ஒரு மையவாடிமேல் ஃபேர்வே ஓடினால் எனக்குப் பிடிக்காது.

வழிவிட்டு அமைப்பது கோல்ஃபுக்குப் புதிதும் அல்ல. 1879இல் தொடங்கிய ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் திடலுக்கு நடுவே களனிவெளி ரயில் ஓடுகிறது. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பழைய திடலில் முதலாம் குழியையும் பதினெட்டாம் குழியையும் ஒரு பொதுப் பாதை குறுக்கறுக்கிறது. பெரும்பாலான ஞாயிறுகளில் ஆட்டமே கிடையாது, ஊரார் உலாவுகிறார்கள்.

அறுகம்பேத் திடலைச் செய்யப் போகும் தம்பி தங்கைகள் முதலில் வாடிகளையும் வள்ளத் துறைகளையும் குறித்துக்கொண்டு, மீதி நிலத்தில் குழிகளைத் தேடட்டும். பதினெட்டுக்கு இடம் போதாமல் வந்தால் ஒன்பது போடலாம்.