வழிபாடும் நாட்டு வழக்கும்



பெங்களூர்த் தொம்மலூரிலே சொக்கநாதசுவாமி கோயில் ஒன்று உண்டு. பெயரைக் கேட்டு மதுரைச் சிவபெருமானை நினைந்து செல்வோர் உள்ளே திருமாலைக் கண்டு வியப்புறுவர். அங்குள்ள 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று குறிக்கின்றன. பிழைப்பை நாடி அவ்வட்டாரத்தில் குடியேறிய தமிழர்க்குத் தமக்கு முன்னரே தம் மொழி அங்கே வந்து தங்கியிருப்பது ஓர் ஆறுதலன்றோ?

அக்கோயிலுக்கு வடக்கே, அதே நகரின் ஹட்சின்ஸ் சாலையில், கத்தோலிக்கரின் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் இருக்கின்றது. 1967-இல் அதனை நிறுவியவர் டி. எஸ். அமலோர்பவதாஸ் அடிகளார் என்னும் தமிழர். இலத்தீன் மொழியிலே நெடுங்காலம் நடந்துவந்த திருப்பலியை அந்தந்த நாட்டு மொழியிலும் நடத்தலாம் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிதிறந்தது. மொழி மாறினால் போதுமா, உடலும் கையும் நம் நாட்டு முறையில் வணங்க வேண்டாமா என்பது அடிகளாரின் வினா.

இந்திய ஆயர்கள் வேண்டியபடி, 1969-இல் உரோமாபுரி பன்னிரண்டு மாற்றங்களுக்கு இசைவளித்தது. முழந்தாளிடுவதற்கு ஈடாகக் கைகூப்பித் தலைவணங்கலாம், தரையில் அமர்ந்து வழிபடலாம், மெழுகுதிரிக்கு மாறாக எண்ணெய் விளக்கேற்றலாம், ஆரத்தி எடுக்கலாம், குருவானவர் மேலாடையாகச் சால்வை அணியலாம். நம் வீட்டில் அன்றாடம் செய்யும் காரியங்களே இவை. ஆயினும் கோயிலுக்குள் இவை நுழைந்தபோது, நம் மறையை மாற்றுகின்றார்களே என்று பலர் கலங்கினர்; சிலர் வெகுண்டனர்.

இப்பூசல் புதியதன்று. 1606-இல் மதுரை வந்த தத்துவபோதக சுவாமி என்னும் இராபர்ட் தெ நோபிலி காவியுடுத்து, புலால் நீத்து, தமிழும் வடமொழியும் கற்றார். உடன் பணியாற்றிய குருக்களே அவர்மீது குறை கூறினர். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்களே என்று அவர் வாதிட, 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் நிபந்தனைகளோடு அவற்றை அனுமதித்தார். பின்வந்த வீரமாமுனிவரோ சூசையப்பர் வரலாற்றை 3615 பாடல்களில் 'தேம்பாவணி'யாக்கி, யூதேயாவைத் தமிழ்க் காப்பிய மரபிலேயே வருணித்துவிட்டார். புலவர்க்கு உரோமாபுரியின் இசைவு வேண்டியிருக்கவில்லை போலும்!

எனினும் ஒரு வினாவைத் தட்டிக்கழித்தல் ஆகாது. நாட்டு வழக்கு என்கின்றோமே, அது யாருடைய வழக்கு? பூணூல் சமூக அடையாளமே எனில், எந்தச் சமூகத்தின் அடையாளம்? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு சாதியார் ஒருவரையொருவர் காணாவண்ணம் கோயிலையே இரு பிரிவாகக் கட்டி, இடையே சுவரும் எழுப்பியிருந்தனர். 1910-இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. அச்சுவரும் ஒருவகையில் நாட்டு வழக்கே. ஆதலின், அமலோர்பவதாஸ் காலத்து மாற்றங்கள் மேற்சாதிப் பண்பாட்டையே இந்தியப் பண்பாடு எனக் கொண்டன என்று தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர் பின்னர்க் கூறியதை வெறும் குறைகூறலென ஒதுக்க இயலாது. விளக்கும் ஆரத்தியும் வரலாமெனில் பறை ஏன் வெளியே நிற்க வேண்டும்? விளக்கேற்றியதைப் பிழையென்று நான் கருதவில்லை. ஆனால் பறைக்கும் உள்ளே இடம் இருந்திருக்க வேண்டும்.

பெங்களூர்த் தமிழருக்கு இதே வினா வேறொரு வடிவில் வருகின்றது. திருப்பலி எம்மொழியில் நடைபெற வேண்டும் என்பதில் அந்நகரத் திருச்சபையில் தமிழர்க்கும் கன்னடர்க்கும் நெடுநாள் கசப்பு நிலவியதுண்டு. நம் தாய் கற்பித்த மன்றாட்டை விட்டுவிடச் சொல்வது கொடுமை. நாம் குடியிருக்கும் மண்ணின் மொழி பீடத்திலே ஒலிக்க வேண்டும் எனக் கன்னடர் கேட்பதும் நியாயமே. நாட்டு மொழியில் வழிபாடு என்னும் கொள்கையை இலத்தீனுக்கு எதிராக மகிழ்ந்து ஏற்ற நாம், கன்னடம் என்றதும் அதனை மறந்துவிடலாமா? சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் 8 அன்று சேலையுடுத்திய அன்னையின் தேரைச் சூழ்ந்து நிற்போர் பலமொழியினர், பல சமயத்தினரும்கூட. அத்தேர் வீதியில் வருகையில் பக்கத்தில் நிற்பவரின் மன்றாட்டு எந்த மொழியில் என்று எவரும் கேட்பதில்லை.