சட்டம் ஒன்று, வாயில் இரண்டு



போர்க்களம் புகுந்தவனைப் புகழாத நாடில்லை. ஆனால் களத்திலிருந்து மீண்டவன், மறுநாள் காலையிலே, "இனி நான் எந்த வேலைக்குப் போவது?" என்று கேட்கிறானே, அப்போது மட்டும் புகழ்ந்த வாய்கள் பூட்டிக் கொள்ளுகின்றன. அந்தக் கேள்விக்கு அமெரிக்க நாடு இருமுறை பதிலளித்தது. முதற் பதில் டாங்கி. இரண்டாவது பதில் சட்டம்.

முதல் உலகப் போரிலே பணிபுரிந்தவர்களுக்கு 1924இல் போனஸ் என்றார்கள். உள்நாட்டிலே இருந்த நாளுக்கு ஒரு டாலர். கடல் கடந்து நின்ற நாளுக்கு ஒன்றேகால் டாலர். நல்லது! எப்போது தருவீர்கள்? 1945இலே! வயிறு இன்று காய்கிறது, பணம் இருபத்தோராண்டு கழித்துக் காய்க்குமாம்! இடையே பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, ஆலைகள் அடைபட்டன. 1932இல் ஆயிரமாயிரமாக அந்த மாஜி வீரர்கள் வாஷிங்டன் வந்தார்கள். மனைவி மக்களோடு அனகோஸ்டியா ஆற்றங்கரையிலே தகரமும் அட்டையும் வைத்துக் குடிசை போட்டார்கள். "இப்போதே கொடுங்கள்" என்றார்கள். ஜூலை 28ஆம் நாள் தளபதி மக்ஆர்தர் வந்தார், குதிரைப்படை வந்தது, கண்ணீர்ப்புகை வந்தது, டாங்கிகள் வந்தன. குடிசைகள் எரிந்தன. விரட்டியவன் உடலிலே சீருடை. விரட்டப்பட்டவன் பெட்டியிலே, மடித்து வைத்த அதே நாட்டின் சீருடை! பணம் 1936இல்தான் கிடைத்தது.

அந்தப் புகை ஆட்சியாளர் கண்ணை விட்டு அகலவில்லை. அதனாலேதான், இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, 1944 ஜூன் 22இல் ரூசுவெல்ட் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். படிப்புக்கு ஆண்டொன்றுக்கு 500 டாலர் வரை. படிக்கும் தனியாளுக்கு மாதம் 50 டாலர். வேலை கிடைக்காதவனுக்கு வாரம் 20 டாலர், 52 வாரம் வரை. வீட்டுக்கும் தொழிலுக்கும் வாங்கும் கடனுக்கு அரசே பிணை! ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரி ஏறினார்கள். பாதியிலே படியிறங்கியவன் நான்; அந்த எண்ணைக் காணும்போது பெருமூச்சு வருகிறது, மறைப்பானேன்?

கைதட்டுகிறீர்கள். சற்றுப் பொறுங்கள்.

சட்டத்திலே நிறம் எழுதப்படவில்லை. ஆனால் அதை நடத்தும் பொறுப்பு உள்ளூர் அலுவலகத்துக்கும் உள்ளூர் வங்கிக்கும் போயிற்று. தென் மாநிலங்களிலே அந்த நாற்காலிகளில் யார் இருந்தார்கள்? வெள்ளையர். நாடகம் எழுதுகிறவனல்லவா, காட்சியாகவே பார்க்கிறேன். மேசைக்கு இப்புறம் ஒரு கறுப்பின வீரன். படையிலே லாரிகளைப் பழுது பார்த்தவன்.

"என்ன தெரியும்?"

"இயந்திர வேலை, ஐயா."

"கூட்டிப் பெருக்கும் வேலை இருக்கிறது. வேண்டுமா?"

காட்சி என் கற்பனை, கணக்கு கற்பனையன்று. 1946 அக்டோபர் வரை மிசிசிப்பி மாநிலத்திலே மாஜி வீரர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தந்த வேலைகளில், கைத்திறன் கேட்கும் வேலைகளிலே நூற்றுக்கு 86 வெள்ளையருக்கு. திறன் வேண்டாத வேலைகளிலே நூற்றுக்கு 92 கறுப்பருக்கு. அதே மாநிலத்தில் 1947இல் அரசுப் பிணையோடு வழங்கப்பட்ட கடன்கள் 3,229. கறுப்பின வீரருக்குக் கிடைத்தவை எத்தனை? இருநூறா? இருபதா? இரண்டு, தோழர்களே, இரண்டே இரண்டு!

அந்த மிசிசிப்பியிலே பிறந்தவர் மெட்கர் எவர்ஸ். பிரான்சு மண்ணிலே படைப்பணி புரிந்து மீண்டவர். 1946இல் சொந்த ஊரான டிகேட்டரிலே வாக்களிக்கச் சென்றார். ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் வாயிலிலே மறித்தது. அவர் சோரவில்லை. நான் சொன்ன அதே சட்டத்தின் உதவியோடு, கறுப்பருக்கென இருந்த ஆல்கார்ன் கல்லூரியிலே படித்துப் பட்டம் பெற்றார். காப்பீட்டு முகவரானார். 1954இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்திலே சட்டம் படிக்க மனுச் செய்தார், கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகு, கறுப்பின மக்களின் பெயரை வாக்காளர் பட்டியலிலே சேர்க்கும் வேலையை, ஊர் ஊராகச் சென்று, முழுநேரத் தொண்டாகவே ஏற்றார். 1963 ஜூன் 12, நள்ளிரவு கடந்த வேளை, கூட்டம் முடிந்து வீடு திரும்பியவரை, அவர் வீட்டு வாயிலிலே, முதுகிலே சுட்டார்கள். ஒரு வாரம் கழித்து, முழுப் படை மரியாதையோடு, அர்லிங்டன் இராணுவ இடுகாட்டிலே அவரை அடக்கம் செய்தார்கள்.