மாறிய முகூர்த்தம்

(எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

விழா மேடையிலே நோயைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், புற்றுநோய் ஒருவரின் உடலைத் தாக்கும்போது, அக்குடும்பம் முன்கூட்டியே வகுத்திருந்த கலியாணம், குடிபுகுதல், பிள்ளையின் படிப்பு ஆகிய அனைத்தையும் உடன் தாக்குகின்றது. நோயைக் கவனிப்பது வைத்தியரின் கடமை. குலைந்த ஏற்பாடுகளைச் சீர்செய்வதோ வீட்டாரின் கடமை. அக்கடமையிலே நான் இழைத்த தவறொன்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

2018ஆம் ஆண்டு வைகாசியில் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் எனத் தெரியவந்தது. அவருடைய மகளுக்கு ஆவணியில் கலியாணம். பொன்னுருக்கலுக்கு நாள் வைத்தாயிற்று, அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. "கலியாணம் ஒப்பேறட்டும்; அதன்பின் வைத்தியத்தைப் பார்ப்போம்" என்றார் அக்கா. வைத்தியரோ, சத்திரசிகிச்சையையும் அதன்பின் செய்யும் மருந்தேற்றத்தையும் பிற்போடலாகாது என உறுதியாகக் கூறினார்.

தாய்மாமனாகிய நான் என்ன செய்தேன்? அத்தானையும் உறவினர் இருவரையும் அழைத்துப் பேசி, கலியாணத்தை ஒரு வருடம் தள்ளிவைப்பதென முடிவு செய்தேன். சம்பந்தி வீட்டாருக்கு நோயை மறைத்து, வேறொரு சாட்டுச் சொல்லியனுப்பினேன். ஊர்வாய்க்கு அஞ்சினேன் என்பதே உண்மை. செய்தி அக்காவின் காதுக்கு எட்டியது. "தம்பி, நோய் வந்தது மார்பிலே, புத்தியிலே அல்ல. என் பிள்ளையின் காரியத்தில் என்னிடம் ஒரு சொல் கேட்டாயா?" என்றார். என்னால் மறுமொழி கூற முடியவில்லை.

மறுநாள் அக்காவையே நடுவில் இருத்திப் பேசினோம். சம்பந்தி வீட்டாருக்கும் உண்மையைச் சொன்னோம். அவர்களோ, "அம்மா இருந்து நடத்திவைக்கும் நாளே எங்களுக்கு நல்ல நாள்" என்றனர். பின்னர் வைத்தியரிடம், "எந்த வாரத்தில் இவர் கலியாணத்தில் இருக்கலாம்?" என்று கேட்டோம்.

அவர் விளக்கினார். அக்காவுக்கு 21 நாளுக்கு ஒருமுறை மருந்தேற்றம். அது முடிந்து இரண்டாம் வாரமளவில் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்துவிடும். அப்பொழுது தொற்று எளிதில் பற்றும்; சனக்கூட்டம் ஆகாது. மூன்றாம் வாரத்தில் அவை பெரும்பாலும் மீளும். எனினும், குருதிப் பரிசோதனையில் எண்ணிக்கை போதாவிடில், அடுத்த மருந்தேற்றமே பிந்தும். ஆகவே ஒரு நாளை மாத்திரம் நம்பியிருக்க வேண்டாம் என்றார்.

குருக்கள் ஐயா ஐப்பசியில் எட்டு நாள் இடைவெளியில் இரண்டு முகூர்த்தங்கள் குறித்துத் தந்தார். வைத்தியர் எச்சரித்தவாறே மருந்தேற்றம் ஒரு வாரம் பிந்தியது. முதல் முகூர்த்தம் ஆகாத வாரத்தில் விழுந்தது. இரண்டாவது முகூர்த்தத்தில், விடியற்காலையில், கோயிலிலே, நாற்பது பேர் முன்னிலையில் கலியாணம் நிறைவேறியது. முடி கொட்டிய தலையைச் சேலைத் தலைப்பால் மூடி, நாற்காலியில் அமர்ந்தபடி அக்கா மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தார். மேளக்கச்சேரியும் பெரும் பந்தியும் இல்லாதுபோயின. அவற்றைக் குறையென்று பின்னர் எவரும் பேசக் கேட்டிலேன்.

எல்லாம் இவ்வாறே கைகூடும் என்று நான் கூறவில்லை. அக்காவின் இளைய மகன் கொழும்பில் தொடங்கவிருந்த படிப்பை அவ்வருடம் கைவிட்டு வீட்டில் நின்றான். நாங்கள் அனைவரும் "நல்ல பிள்ளை" என்று புகழ்ந்தோமேயன்றி, "உனக்கும் இது இழப்புத்தானே" என்று ஒருவராவது கேட்கவில்லை. அதுவே தன்னை அதிகம் வருத்தியதாக அவன் பிற்காலத்தில் சொன்னான். பெரியோர்களே, இதனை மனத்திற் கொள்ளுங்கள்.

இளைஞர்களே, நான் கற்றவை சில. நோயாளியைக் கேளாது அவருடைய காரியத்தை முடிவு செய்யாதீர்கள். வைத்தியத்தின் நாளுக்கேற்ப வீட்டுக் காரியத்தை மாற்றுங்கள். வீட்டுக் காரியத்துக்காக வைத்தியத்தை மாற்றாதீர்கள். விரதமோ நேர்த்தியோ உண்டெனில் முன்னரே வைத்தியரிடம் கேளுங்கள். மருந்தேற்றிய ஒருவருக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியசை எட்டினால், எந்த விசேடமாயினும் விட்டுவிட்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

2011ஆம் ஆண்டில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் கால்நடையாக நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைய நிதி திரட்டினர். அத்துணைத் தூரம் நாம் நடக்க வேண்டியதில்லை. அயல்வீட்டு நோயாளியுடன் கிளினிக்குக்குச் செல்லலாம், அவர் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்லலாம், இரத்ததானம் செய்யலாம். இவற்றுள் ஒன்றையேனும் இவ்வாண்டில் செய்வீர்களென நம்பி, என் உரையை முடித்துக்கொள்கின்றேன்.