மண்ணுக்குக் கீழே இருக்கும் காடு

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்குகிற மலைப்பாதையில் பங்குனி மாதம் பேருந்தில் போயிருப்பீர்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வெறும் குச்சிகள். செம்மண், பாறை, காய்ந்த புல். "காடே பட்டுப்போச்சு" என்று பின் சீட்டில் யாராவது சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஒரு கிளுவை மரம்.

வேலிக்கு நடுகிறோமே, அதே கிளுவைதான். காட்டோரம் இலை ஒன்றுகூட இல்லாமல் நின்றது. மேல்தோல் காகிதம் மாதிரி சுருண்டு தொங்கியது. நகத்தால் லேசாகக் கீறினேன். உள்ளே பச்சைப் பசேலென்று இருந்தது. இலையை எல்லாம் உதிர்த்துவிட்ட அந்த மரம், தோலுக்கு அடியில் வைத்திருக்கும் பச்சையத்தைக் கொண்டு, வெயிலில் சத்தமில்லாமல் தனக்குச் சாப்பாடு தயாரித்துக்கொண்டிருந்தது.

நம் தருமபுரி மாவட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காடு. சித்தேரி, வத்தல்மலை, தொப்பூர்க் கணவாய், ஒகேனக்கல் என்று பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடு. ஆச்சா, வெக்காலி, பொரசு, அரப்பு, சந்தனம் வளரும் மண். வருடத்தில் பாதி நாள் தண்ணீர் கிடைக்காது என்று தெரிந்தே இந்த மரங்கள் வாழ்கின்றன.

தண்ணீர் இல்லாதபோது மரம் என்ன செய்கிறது? இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றைத் திறந்தால்தான் மரத்துக்குக் காற்றிலிருந்து கரியமில வாயு கிடைக்கும். திறந்தால் தண்ணீரும் போய்விடும். மூடினால் பசி, திறந்தால் தாகம். மண் காயக் காய, வேரிலிருந்து உச்சி வரை இழுபட்டு நிற்கும் தண்ணீர் இழை விறைத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அந்த இழை அறுந்து, தண்ணீர் ஏறும் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்துவிடும். போர்வெல் மோட்டார் காற்றை இழுப்பது போலத்தான். அப்புறம் அந்தக் குழாயில் தண்ணீர் ஏறாது.

வானொலியில் பேசுவதால் ஒரு சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-இல் இஸ்ரேலின் டெல் அவீவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தண்ணீர் ஊற்றாமல் வாடவிட்ட தக்காளிச் செடிகள் மணிக்கு 30 முதல் 50 தடவை 'டிக், டிக்' என்று ஒலி எழுப்புகின்றன. நன்றாக நீர் பாய்ந்த செடியிலிருந்து மணிக்கு ஒன்றுகூட வருவது அரிது. குழாய்க்குள் குமிழி வெடிப்பதால்தான் இந்தச் சத்தம் என்று கருதுகிறார்கள். மனிதக் காதுக்கு எட்டாத அளவு கூர்மையான ஒலி அது. பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டங்களில் கோடையில் எத்தனை ஆயிரம் 'டிக்' எழுந்துகொண்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

இலையை உதிர்ப்பது, குழாயில் காற்று புகும் இந்த ஆபத்திலிருந்து தப்பிக்க மரம் எடுக்கும் முடிவு. பழுக்கவிட்டு, இலையில் இருக்கும் சத்தைக் கிளைக்கு இழுத்துக்கொண்டு, பிறகுதான் உதிர்க்கும். நீர் போகிற வழி அடைபட்டதும், ஆழத்து வேர் கொண்டுவரும் கொஞ்சநஞ்ச ஈரம் தண்டில் சேரும். அந்தச் சேமிப்பை வைத்துத்தான் மழை வருவதற்கு முன்பே, கொளுத்துகிற வெயிலில், புங்கமரம் தளதளவென்று துளிர்க்கிறது.

எல்லா மரத்துக்கும் இந்த வசதி இல்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் அன்றிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த வருடம் நம் மாவட்டத்தில் தென்னந்தோப்புகள் மொட்டையாக நின்றதை விவசாயிகள் மறக்க மாட்டார்கள். தென்னைக்கு உயிர் ஒரே குருத்தில். குருத்து கருகினால் பக்கத்தில் துளிர்க்க வேறு இடம் கிடையாது.

ஆச்சா மரத்தின் கதை வேறு. வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்த மாதிரி இரட்டை இலை, இரும்பு போன்ற வைரம். காவிரிக் கரையில் நீர்மருது காலை நனைத்துக்கொண்டு நிற்க, மேலே பாறைச் சரிவில் நிற்பது இதுதான். ஒரு கோடையில், தீ போன ஒரு சரிவில் வனக்காவலர் ஒருவரோடு நடந்துகொண்டிருந்தேன். கரிந்த தரையில் ஒரு சாண் உயரத்தில் கன்று ஒன்று, மூன்று நான்கு இலையோடு. பக்கத்து மண்ணைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். மேலே பென்சில் பருமன்கூட இல்லாத தண்டு. கீழே கட்டைவிரல் கனத்துக்கு வேர், கையை விட்டால் முடிவு தெரியாமல் இறங்கியது. "இது போன மழைக்கு மொளச்சதுன்னு நெனச்சிராதீங்க சார். மேல கருகும், கீழ வளரும். பல வருசமா இப்படித்தான் நிக்குது" என்றார். ஆச்சாக் கன்று முதலில் வேரைத்தான் வளர்க்கும். தண்டு காய்ந்தாலும் எரிந்தாலும் வேர் விடாமல் ஆழம் தேடும். போதிய பலம் சேர்ந்த பிறகு ஒரு நல்ல மழையில் விறுவிறுவென்று மேலே ஏறும். புல் எரியும் தீயில் மேல்மண் சுடுமே தவிர, நாலு விரற்கடை ஆழத்தில் சூடு பெரிதாக எட்டாது. நம் காட்டின் முதலீடு மண்ணுக்குக் கீழே இருக்கிறது.

அதற்காக எதையும் தாங்கிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒரு தீயை இந்தக் காடு தாங்கும். வருடா வருடம் அதே சரிவில் தீ வைத்தால், எந்தக் கன்றும் தீ நாக்குக்கு மேலே தலையைத் தூக்க முடியாது. துளிர்ப்பதற்கு வேர் தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. திரும்பச் சேர்க்க அவகாசம் கிடைக்காவிட்டால் ஒருநாள் கையிருப்பு தீர்ந்துபோகும். அந்த இடத்தை உன்னிச்செடி பிடித்துக்கொள்ளும். அழகுக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த செடி. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. காய்ந்த புதர் தீயை இன்னும் உயரமாக எரியவிடும்; எரிந்தபின் மற்ற எதையும் முந்திக்கொண்டு துளிர்க்கும். காவிரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடியினர் அதே உன்னிக்குச்சியில் நாற்காலியும் மேசையும் செய்து விற்கிறார்கள். இந்தப் பக்கமும் செய்யலாம்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். மரம் நடும் விழாக்கள் நடக்கட்டும். பள்ளிக்கூடத்திலும் ரோட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் நட வேண்டியதுதான். ஆனால் காட்டுக்கு நாம் குழி தோண்டிக் கன்று வைப்பதைவிட, ஏற்கெனவே உள்ளே கிடக்கும் வேருக்குத் தீ இல்லாத ஐந்தாறு வருடங்களைக் கொடுப்பது பெரிய உதவி. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு தாளில் இருக்கிறது. தீயை நிறுத்துவது அந்தக் காட்டுக்குள்ளும் அதன் ஓரத்திலும் நடமாடும் நம் கையில் இருக்கிறது.

இங்கே காட்டுத்தீ தானாகப் பற்றுவது மிக அரிது. அணைக்காமல் வீசிய பீடித்துண்டு, சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த நெருப்பு, இவைதான் காரணம். மாடு மேய்க்கிறவர்களைக் குற்றம் சொல்லி ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தச் சரிவு எரிந்தது, எந்தச் சரிவு தப்பியது என்பது அவர்களுக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவர்களோடு உட்கார்ந்து பேசினால்தான் காரியம் ஆகும்.

மாசியில் தீர்த்தமலைக்குப் போகிறவர்களே, கோடை விடுமுறைக்கு ஒகேனக்கல் போகிறவர்களே, காட்டுப்பாதையில் வண்டியை நிறுத்திச் சமைக்காதீர்கள், தீப்பெட்டியை எடுக்காதீர்கள். மலையில் புகை தெரிந்தால் பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 101-ஐ அழையுங்கள்.