சைக்கிள் சங்கிலியும் பற்சக்கரமும்



வைகாசி, ஆனி மாதங்களில் டில்லியிலும் அதனைச் சூழ்ந்த மாநிலங்களிலும் புழுதிக் காற்று வீசுகின்றது. ‘ஆந்தி’ என்று இவ்வூரார் வழங்கும் அக்காற்று ஒரு மாலைப்பொழுது அடித்து ஓய்ந்தால், வாயிற்படியில் விரலால் எழுதிப் பார்க்கலாம், அத்துணை மண். வாயிற்படியை உடனே பெருக்கி விடுகின்றோம். அங்கே சார்த்தி வைத்த சைக்கிளின் சங்கிலியில் படிந்த மண்ணை எவரும் கருதுவதில்லை. நாள்தோறும் 10 கிலோமீட்டர் மிதித்து வேலைக்குச் செல்வோரும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் நம்மவரிடையே இன்றும் உளர். அவர்களை எண்ணியே இதனைச் சொல்லுகின்றோம்.

1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பார் அமைத்த உருளைச் சங்கிலியின் வழி வந்ததே நம் சாதாரண வண்டிகளின் சங்கிலி. தகடுகளை ஓர் ஆணி இணைக்கின்றது; ஆணியைச் சுற்றி ஒரு குழல்; குழலைச் சுற்றி ஓர் உருளை. ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடு வரை அரை அங்குலம். தேய்மானம் நிகழ்வது ஆணிக்கும் குழலுக்கும் இடையே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஆதலின் மேலே பளபளவென்று எண்ணெய் பூசி வைப்பதில் பயனில்லை, கேடும் உண்டு. வெளியே நிற்கும் எண்ணெய் புழுதியைப் பற்றுகின்றது. எண்ணெயும் மணலும் குழைந்த அக்கரிய பசை, அரம் கொண்டு அராவுவதைப் போல இரும்பைத் தின்கின்றது.

ஆணிகள் தேயத் தேயச் சங்கிலி நீள்கின்றது. நீண்ட சங்கிலி பற்களில் சரியாக அமராது. பற்களும் கொக்கிபோல் வளைந்து தேயும். நாற்சந்தியில் பச்சை விளக்கு எரிந்தவுடன் எழுந்து நின்று மிதிக்கும்போது சங்கிலி ஒரு பல்லைத் தாண்டினால், மிதிகட்டை வெறுமையாகக் கீழிறங்கும். வண்டியில் இருப்பவர் நிலை தடுமாறி விழுவார். பின்னால் வருவது பேருந்தாக இருக்கலாம்.

இதனை முன்னரே அறிய ஓர் அளவுகோல் போதும். சங்கிலி விறைப்பாக இருக்கும் நிலையில், ஓர் ஆணியின் நடுவில் கோலின் தொடக்கத்தை வைத்தால், அங்கிருந்து 24ஆம் ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கவேண்டும். 1/16 அங்குலம் கடந்திருந்தால் சங்கிலியை மாற்றுக. 1/8 அங்குலம் கடந்தபின் பெரும்பாலும் பற்சக்கரங்களும் உடன் போயிருக்கும். அப்போது சங்கிலியின் விலையோடு செலவு நிற்பதில்லை.

துப்புரவு செய்ய வேண்டுவன பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று, கந்தைத் துணி, சிறிது மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் கிடைக்காத ஊர்களில் டீசல் உதவும். பெட்ரோல் எளிதில் தீப்பற்றுமாதலால் வேண்டா. பிரஷை நனைத்துச் சங்கிலியின் நான்கு புறமும் தேய்த்து, துணியால் இறுகப் பிடித்து மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுற்றுக. துணியும் விரலும் பல்லுக்கு அருகே செல்லலாகாது. பின்னர் நன்கு உலர விடுக. உள்ளே மண்ணெண்ணெய் தங்கினால், அடுத்து விடும் எண்ணெயை அது நீர்க்கச் செய்துவிடும்.

எண்ணெயைப் பற்றி நம்மவருக்கு ஒரு சொல். ஊரிலிருந்து வந்த தேங்காய் எண்ணெய் வீட்டில் எப்போதும் இருக்கும். கை அதனை நாடும். தைமாதக் குளிரில் அது டப்பாவிலேயே வெண்கட்டியாக உறைவதைக் காண்கின்றோம், சங்கிலியிலும் உறையும். நல்லெண்ணெயோ நாளடைவில் பிசினாகும். தையல் இயந்திர எண்ணெய் இவற்றினும் மேல். ஆனால் மெல்லியது, அடிக்கடி விடவேண்டும். சைக்கிளுக்கென்றே விற்கும் எண்ணெய் சாலச் சிறந்தது. பட்டறைகளில் சிலர் இலவசமாகத் தரும் மோட்டார்க் கழிவெண்ணெயை வாங்காதீர்கள். அதில் கரியும் உலோகத் துகளும் உண்டு. ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி விட்டு, சற்றுநேரம் மிதிகட்டையைச் சுற்றி, கால் மணி கழித்து வெளியில் உள்ளதை முற்றும் துடைத்துவிடுக. துடைப்பதே இவ்வேலையின் பாதி.

பின்சக்கரத்தின் பிரீவீலுக்குள் உள்ள சிறு தடுப்பு நாக்குகளை வட இந்தியப் பட்டறைகளில் ‘குத்தே’, அதாவது நாய்கள், என்கின்றனர். ‘குத்தே ஃபேல்’ என்று மிஸ்திரி கூறினால், அவர் எவரையும் ஏசவில்லை. அந்நாக்குகள் பல்லைப் பற்றவில்லை என்பதே பொருள். அங்கும் இரண்டொரு துளி எண்ணெய் போதும். கிரீஸ் திணித்தால் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும்.

பிள்ளைகள் விரும்பும் கியர் வண்டியில் பற்சக்கரங்கள் பல அடுக்காக இருக்கும். துணியின் ஓரத்தை இரு அடுக்குகளுக்கு நடுவே நுழைத்து இழுத்தால் அழுக்கு வெளிவரும். கீழே தொங்கும் இரு சிறு கப்பிகளிலும் கரும்பசை படியும். அதைக் குச்சியால் சுரண்டி எடுக்கலாம்.

கியரில்லாத வண்டியில் சங்கிலியின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் அசையவேண்டும். சங்கிலியைக் கழற்றி மாட்டினால், ‘செயின் லாக்’கின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையையும் பிளந்த முனை பின்னோக்கியும் இருக்கவேண்டும், மாறியிருந்தால் ஏதேனும் தட்டி அது கழன்றுவிடக்கூடும். பிரேக் கட்டையிலும் சக்கர விளிம்பிலும் எண்ணெய் பட்டிருக்கின்றதா என்று பார்த்தபின் வண்டியில் ஏறுக. அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் மூடிய டப்பாவில் வைத்தால், கசடு அடியில் தங்கும். தெளிவை அடுத்த முறைக்குப் பயன்படுத்தலாம்.