படம் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அல்சூர் ஏரிக்கரையிலோ, சிவாஜிநகர்க் கடைவீதியிலோ, ஸ்ரீராமபுரத்துத் தெருமுனையிலோ நான்கு தமிழர் கூடிவிட்டால், நலம் விசாரித்து முடிந்ததும் எழுகின்ற அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "படம் பார்த்தீர்களாமே, எப்படி இருக்கிறது?" இக்கேள்விக்கு நாம் அளிக்கும் விடை பல சமயங்களில் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. "பிரமாதம்" என்போம்; "ஒருமுறை பார்க்கலாம்" என்போம்; "காசுக்குக் கேடு" என்போம். அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பம் பணத்தையும் பொழுதையும் செலவிடுகிறது. அல்லது செலவிடாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறது. ஆகவே, விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்விக்கு எவ்வாறு விடை கூறுவது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலை ஆகாது. அதிலும், தாய்நாட்டை விட்டு வந்து பெங்களூரில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி இன்னும் அவசியமாகிறது. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

திரைப்பட ரசனையைப் பொறுத்தவரையில் பெங்களூர்வாசி பேறு பெற்றவர். இந்நகரத்துக் கொட்டகைகளில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, ஆங்கிலம் ஆகிய ஆறு மொழிப் படங்களும் ஓடுகின்றன. ஒரே வாரத்தில் மூன்று மொழிப் படங்களைப் பார்த்து ஒப்பிட்டுப் பேசும் வாய்ப்பு எல்லா ஊர்க்காரருக்கும் கிட்டுவதன்று. மேலும், தமிழ்ப் படவுலகம் இம்மண்ணுக்குப் பட்டிருக்கும் கடன் சிறிதன்று. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'கப்பலோட்டிய தமிழன்' (1961), 'கர்ணன்' (1964) ஆகியவற்றை இயக்கிய பி. ஆர். பந்துலு கோலார் மாவட்டத்தில் பிறந்தவர். 1955-ல் 'மகாகவி காளிதாஸ' என்ற கன்னடப் படத்தில் அறிமுகமாகி, 1958-ல் 'நாடோடி மன்னன்' மூலம் தமிழ் மக்களின் உள்ளத்தில் இடம்பெற்ற பி. சரோஜாதேவி பெங்களூரைச் சேர்ந்தவர். 2025 ஜூலையில் இந்நகரிலேயே காலமானார். இந்நகரப் பேருந்தில் நடத்துநராகப் பணிபுரிந்த ஓர் இளைஞர் 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் சிறு வேடமேற்று ரஜினிகாந்த் ஆன கதையை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இனி, மதிப்பெண் என்னும் பொருளுக்கு வருவோம். படத்திற்கு அடையாளக் குறியிடும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1928-லேயே நியூயார்க்கின் 'டெய்லி நியூஸ்' நாளிதழ் படங்களுக்கு நட்சத்திரக் குறியிடத் தொடங்கிவிட்டது. நம் தமிழில் நூற்றுக்கு இத்தனை என்று பள்ளிக்கூட முறையில் மதிப்பெண் வழங்கிப் பெயர் பெற்றது 'ஆனந்த விகடன்'. பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977-ல் வெளிவந்தபோது அவ்விதழ் அதற்கு 62.5 மதிப்பெண் கொடுத்ததை ரசிகர்கள் இன்றளவும் எடுத்துச் சொல்கிறார்கள். அந்தப் பாரதிராஜா கன்னட இயக்குநர் புட்டண்ணா கணகாலிடம் உதவியாளராக இருந்து தொழில் பயின்றவர் என்பது பெங்களூர்த் தமிழர் மறக்கலாகாத செய்தி. மிகச் சிறந்தது என்று எல்லாரும் கொண்டாடிய ஒரு படத்திற்கு அறுபத்திரண்டரைதானா என்று சிலர் வியக்கலாம். அந்தக் கண்டிப்பினால்தான் அம்மதிப்பெண்ணுக்கு மரியாதை உண்டாயிற்று. எல்லாப் படத்திற்கும் தொண்ணூறு கொடுக்கும் ஆசிரியரின் தொண்ணூற்றுக்கு என்ன மதிப்பு?

இக்காலத்தில் பத்திரிகையாசிரியர் ஒருவர் மட்டும் மதிப்பெண் இடுவதில்லை. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இடுகிறார். அவற்றையெல்லாம் கூட்டிப் பெருக்கி ஒரே எண்ணாக நம் முன்னே வைக்கிறார்கள். அந்த எண் எவ்வாறு கிடைத்தது என்று அறியாமல் அதை நம்புவது தகாது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு படங்களை பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதற்படத்திற்குப் பத்துப் பேரும், "குறையில்லை, பார்க்கலாம்" என்று நூற்றுக்கு 55 கொடுக்கிறார்கள். இரண்டாவது படத்திற்கு ஆறு பேர் உள்ளம் உருகி 95 கொடுக்கிறார்கள். மற்ற நால்வர் 20 கொடுக்கிறார்கள். சராசரி பார்த்தால் முதற்படத்திற்கு 55, இரண்டாவது படத்திற்கு 65. ஆனால், சாதகமாகச் சொன்னவர் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணினால் முதற்படத்திற்கு நூற்றுக்கு நூறு, இரண்டாவதற்கு அறுபதுதான்! ஒரு முறையில் வென்ற படம் மறுமுறையில் தோற்றுவிடுகிறது. 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ராட்டன் டொமாட்டோஸ்' அளிக்கும் புகழ்பெற்ற விழுக்காடு இவ்விரண்டாவது முறையில் கணக்கிடப்படுவதே. அது படத்தின் தரத்தை அளப்பதில்லை. பாதகம் இல்லை என்றவர்களின் தொகையை அளக்கிறது. எவருக்கும் பிடிக்காமற் போகாத சாதாரணப் படம் நூறு பெறுவதும், சிலரை ஆழமாகத் தொட்டுச் சிலரைச் சீண்டிய அருமையான படம் அறுபது பெறுவதும் இதனால்தான்.

எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது அவசரத்தில் பிறந்தது. வ. உ. சிதம்பரனாரின் வாழ்க்கையை ம. பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவிப் பந்துலு படமாக்கினார். 'கப்பலோட்டிய தமிழன்' வெளிவந்த 1961-ல் அது வருவாயில் தோல்வி கண்டது. அதே ஆண்டில் அவர் கன்னடத்தில் எடுத்த 'கித்தூர் சென்னம்மா'வில் சரோஜாதேவி வீரத் தலைவியாக நடித்தார். இன்று வ. உ. சி. என்றதும் தமிழ்ப் பிள்ளைகளின் கண்முன் வருவது அப்படத்துச் சிவாஜி கணேசனின் முகமே. 'கர்ணன்' படம் புதுப்பிக்கப்பட்டு 2012-ல் மறுபடி திரைக்கு வந்தபோது, அது முதலில் வெளிவந்த காலத்தில் பிறந்தேயிராத இளைஞர்களும் திரண்டு சென்று பார்த்தார்கள். 2003-ல் பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' ஓடவில்லை. பின்னர் அதனை வீடுதோறும் கொண்டாடினார்கள். முதல் வாரத்துத் தீர்ப்பு இறுதித் தீர்ப்பு அன்று என்பதற்கு இவை சான்று.

ஆனால், முதல் வாரத் தீர்ப்பினால் பணத்தை இழப்பவர் சும்மா இருப்பாரா? தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள், படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தை 2024-ல் நாடினார்கள். விமர்சனம் கருத்துரிமை சார்ந்தது என்று கருதிய நீதிமன்றம் டிசம்பர் மாதத்தில் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. பெங்களூரில் வேறு விதமாக நடந்தது. 2025 டிசம்பரில் 'தி டெவில்' என்ற கன்னடப் படம் வெளிவந்தபோது, நீதிமன்ற ஆணையை ஒட்டி, புக் மை ஷோவில் அப்படத்திற்குரிய மதிப்பெண்ணும் கருத்துரைகளும் நிறுத்தி வைக்கப்பட்டன. கூலிக்குத் தூற்றுவோரும், படம் பார்க்காமலே பகைநடிகரின் படத்திற்குச் சுழி போடுவோரும் இருக்கிறார்கள் என்பது தயாரிப்பாளர் தரப்பின் முறையீடு. அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும், சில பொய்ச்சாட்சிகளுக்காக எல்லாச் சாட்சிகளின் வாயையும் கட்டுவது முறையாகாது. சீட்டு வாங்கி உள்ளே சென்றவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் காப்பாற்றிக் கொள்ளும் வழி, அதை நேர்மையாகப் பயன்படுத்துவதே.

இங்கேதான் பெங்களூர்த் தமிழரின் தனிப்பொறுப்பு தொடங்குகிறது. நம் ஊரில் படத்தைப் பற்றிய பேச்சு எளிதில் மொழியைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது. 2018 ஜூனில் 'காலா' வெளியானபோது, காவிரி குறித்து ரஜினிகாந்த் சொன்ன கருத்தை முன்னிட்டு இங்கே எதிர்ப்பு எழுந்தது. 2025 ஜூன் 5-ஆம் நாள் 'தக் லைஃப்' மற்ற மாநிலங்களில் வெளிவந்தது. கன்னட மொழியின் தோற்றம் பற்றிக் கமல்ஹாசன் கூறிய சொல்லினால் கருநாடகத்தில் மட்டும் வெளிவரவில்லை. தணிக்கைச் சான்று பெற்ற படத்தைக் கூட்டத்தின் மிரட்டலுக்கு அஞ்சி நிறுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் அம்மாதமே வற்புறுத்தியது. அவ்வழக்கின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். அந்நாட்களில் நம்மிடையே நிகழ்ந்த பேச்சை எண்ணிப் பார்ப்போம். படத்தைப் பார்க்காதவர்கள் அதைப் பழித்தார்கள். அதைப் பார்க்காத வேறு சிலர், பழித்தவர்களுக்கு மறுமொழியாக அதை வானளாவப் புகழ்ந்தார்கள். எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டிலேயே, விமர்சகர் பலர் அப்படத்தில் குறை கண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். இங்கோ, குறை சொன்ன தமிழரைத் தமிழ்ப்பற்று இல்லாதவர் என்று ஐயுறும் நிலை வந்தது. படத்தின் திரைக்கதை எப்படி, நடிப்பு எப்படி, இசை எப்படி என்று கேட்பாரில்லை. இவ்வாறு நடப்பதால் நட்டப்படுவது யார்? கலையும் நட்டப்படுகிறது, அலுவலகத்தில் அடுத்த மேசையில் அமர்ந்திருக்கும் கன்னட நண்பரோடு நமக்குள்ள உறவும் நட்டப்படுகிறது. கெட்ட தமிழ்ப் படத்தைக் கெட்டது என்று சொல்வதனால் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. நல்ல கன்னடப் படத்தை நல்லது என்று சொல்வதனாலும் அவ்வாறே.

அப்படிச் சொல்வதற்கு முதலில் பார்க்க வேண்டுமல்லவா? இருபது ஆண்டு இந்நகரில் வாழ்ந்தும் ஒரு கன்னடப் படத்தையேனும் முழுமையாகப் பார்க்காத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. யு. ஆர். அனந்தமூர்த்தியின் நாவலைக் கொண்டு பட்டாபிராம ரெட்டி எடுத்த 'சம்ஸ்காரா' முதலில் தணிக்கையாளரால் தடுக்கப்பட்டு, பின்னர் 1970-ஆம் ஆண்டின் தலைசிறந்த இந்தியப் படம் என்ற தேசிய விருதைப் பெற்றது. கிரீஷ் காசரவள்ளியின் 'கடஷ்ராத்தா' 1977-ல் அதே விருதைப் பெற்றது. ராம் ரெட்டியின் 'திதி' (2015) மாண்டியா மாவட்டத்துக் கிராம மக்களையே நடிகராக்கி எடுக்கப்பட்டு, லொகார்னோ படவிழாவில் பரிசு வென்றது. பொதுமக்களிடம் பணம் திரட்டி 2013-ல் எடுக்கப்பட்ட 'லூசியா'வைத்தான் 2015-ல் 'எனக்குள் ஒருவன்' என்று தமிழில் கண்டோம். வீட்டிலே கன்னடம் தெரிந்த பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பார்த்தால் படமும் விளங்கும், மொழியும் வசப்படும். படம் பார்த்தபின் கூடிப் பேசுவதையே ஒரு பயிற்சியாகக் கொண்ட 'சுசித்ரா' திரைப்படக் கழகம் 1971-ல் இந்நகரில் தோன்றியது. பெங்களூரின் அனைத்துலகப் படவிழாவோ 2006-ல் தொடங்கியது. பல மொழியினரும் அருகருகே இருந்து பார்க்கும் இத்தகைய இடங்களில்தான் நம் ரசனை உரம் பெறும்.

முடிவாக, நண்பர் நம்மை "படம் எப்படி?" என்று கேட்கும்போது கைக்கொள்ளத்தக்க சில நெறிகளைச் சொல்வோம். முதலாவது, படத்தை முழுவதும் பார்த்தோமா என்பதைச் சொல்லிவிட வேண்டும். இடைவேளையோடு எழுந்து வந்தவர் அதை மறைக்கலாகாது. இரண்டாவது, பிடித்தது எது, பிடிக்காதது எது என்று பகுத்துச் சொல்ல வேண்டும். "ஒளிப்பதிவு நன்று, ஆனால் பிற்பகுதி நீளம்" என்ற ஒரு வாக்கியம் பத்து மதிப்பெண்களைவிடப் பயன்படும். மூன்றாவது, குறை படத்தினுடையதா, கொட்டகையினுடையதா என்று பிரித்தறிய வேண்டும். ஒலிபெருக்கி கரகரத்ததற்கு இயக்குநர் பொறுப்பாளி அல்லர். நான்காவது, கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். நமக்குப் பிடித்த கொலைக்கதை, சிறு குழந்தைகளோடு செல்பவருக்கு ஏற்றதாகாது. ஐந்தாவது, கதையின் முடிச்சை அவிழ்த்துவிடலாகாது. ஆறாவது, மதிப்பெண் சொல்வதாயின் காரணத்தோடு சொல்ல வேண்டும். சில மாதம் கழித்து மறுபடி பார்த்து நம் கருத்து மாறினால், மாறிற்று என்று சொல்வதில் வெட்கமில்லை.

பிரிகேட் சாலையின் ரெக்ஸ், காந்திநகரின் கபாலி, மகாத்மா காந்தி சாலையின் பிளாசா ஆகிய கொட்டகைகள் இன்று இல்லை. அவற்றில் ஓடிய படங்களைப் பற்றி அந்நாளைய ரசிகர்கள் காபிக் கடைகளில் நடத்திய வாதங்கள் மட்டும் பலர் நினைவில் நிற்கின்றன. கொட்டகை இடிந்தாலும் நல்ல பேச்சு நிலைக்கும். மொழி கேட்காமல், நடிகரின் பெயர் கேட்காமல், படத்தை மட்டும் பார்த்து உண்மையைச் சொல்லும் ரசிகர் நம் தெருவில் நால்வர் இருப்பார்களாயின், அத்தெருவினர் நல்ல படம் எது என்று வேறெங்கும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. கன்னட அண்டை வீட்டாரும் அவர்களிடமே வந்து கேட்பார்கள். அந்த நம்பிக்கையைத் தேடிக்கொள்வது நம் கையில் இருக்கிறது.